தூக்கிக் குடித்த தண்ணீர்

2017ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். கேரளப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தேனிக் காற்றுக்கு மருத்துவமனையில் என் அறையின் மூன்று ஜன்னல்களில் ஒன்று தானாகத் திறந்துகொள்ளும். அன்றும் திறந்துகொண்டு மேசைமேல் இருந்த தாள்களில் பதினொன்றைத் தரையில் போட்டது. குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சக்கர நாற்காலியில் பெருமாளை மறுபடியும் கொண்டுவந்தார்கள். ஏழு வாரத்தில் இரண்டாவது நிமோனியா.

"வாத்தியாரய்யா, நான் பாஸாயிட்டேன்னு சொன்னீகளே," என்றார் பெருமாள். காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது. "பாஸானவனத் திரும்ப அதே கிளாஸ்ல கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காக."

எனக்குப் பின் அந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள்தான் இதை எழுதச் சொன்னார்கள். இப்போது அவர்களிடம் மூக்கு வழியாக விட்டுத் தொண்டையைப் பார்க்கும் கேமரா இருக்கிறது. நோயாளி விழுங்குவது திரையில் தெரிகிறதாம். இனி இந்தத் தொழிலில் ஊகத்துக்கு இடமே இல்லை என்றார்கள். நல்லது. ஆனால் அந்தக் கேமராவின் வயர் பெருமாளின் ஊரான அனுமந்தன்பட்டி வரை நீளாது. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைசூரில் நான்கு ஆண்டுகள் படித்தேன். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பேச்சு கற்பிப்பதுதான் பாடம். விழுங்குதலுக்கு மொத்தம் ஆறு வகுப்புகள். அதில் ஒன்றுக்கு ஆசிரியர் வரவில்லை. மீதி ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டுதான் முப்பத்தொரு வருடம் வயதானவர்களுக்குச் சோறும் தண்ணீரும் விழுங்கக் கற்றுக்கொடுத்தேன். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்த என் அப்பாவுக்கு இதைச் சந்தையில் சொல்லக் கூச்சம். "பையன் தொண்டை ஆபீஸ்ல இருக்கான்" என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையைக் கடக்க ஒரு நொடி ஆகும். அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. அந்த ஒரு நொடியில் நுரையீரல் வழி மூடிக்கொள்ள வேண்டும். வாதம் வந்தவர்களுக்கு அந்தக் கதவு சற்றுத் தாமதமாக மூடும். குழைந்த சோறு மெதுவாக வரும், கதவு மூடும்வரை பொறுக்கும். தண்ணீர் பொறுக்காது. நுரையீரலில் இறங்கும் தண்ணீர் சில நாளில் காய்ச்சலாக வெளியே வரும். பார்க்கிறவர்கள் மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்பார்கள்.

பெருமாளுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. அனுமந்தன்பட்டியில் மூன்று ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். பங்குனியில் வாதம் வந்தது. கையும் காலும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. தொண்டை முழுதாகத் திரும்பவில்லை. முதல் நிமோனியாவின்போதே அவரைச் சோதித்திருந்தேன். சோதிக்கும் முறை இதுதான். நோயாளியை நேராக உட்கார வைப்பேன். என் நான்கு விரல்களை அவர் கழுத்தில் வைப்பேன்: ஆள்காட்டி விரல் தாடைக்கு அடியில், நடுவிரல் நாக்கு எலும்பில், மோதிர விரல் குரல்வளை மேட்டில், சுண்டுவிரல் அதற்குக் கீழே. ஒரு சிறு ஸ்பூன் தண்ணீர் கொடுப்பேன். மோதிர விரலை இடித்துக்கொண்டு குரல்வளை மேலே ஏறி இறங்க வேண்டும். அது ஏறும் வேகத்தை நான் எண்ணுவேன். அதன்பின் பேசச் சொல்வேன். "ஆ" என்று சொல்லச் சொல்வது வழக்கம். நான் பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்வேன்: தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். வீரபாண்டியில் தெளிவாக இருந்த குரல் சின்னமனூரில் கொழகொழத்தால் குரல்நாண்மேல் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். பெருமாள் நாடியை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டு விழுங்கி, ஒவ்வொரு முறையும் கம்பம்வரை சுத்தமாகப் போய்ச் சேர்ந்தார். எக்ஸ்ரே படம் ஓடவிட்டுப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லாததால் மதுரைக்கு அனுப்பினோம். அங்கேயும் ஸ்பூனில் கொடுத்துப் பார்த்துத் தேறிவிட்டார் என்றே எழுதி அனுப்பினார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு அம்மாள், திருச்சிக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்துத் தவறின் அளவை வார்டில் எல்லோரும் தெரிந்துகொள்வோம். நோயாளிக்குக் கொடுக்கும் எதையும் முதலில் தான் சாப்பிட்டுப் பார்ப்பது அவருடைய இன்னொரு பழக்கம். தண்ணீரைக் கெட்டியாக்கினால் மெதுவாக இறங்கும். அதற்கென்று டின்னில் ஒரு மாவு வரும். அதைக் கலந்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை வச்சுச் சுவரொட்டி ஒட்டலாம், தெய்வநாயகம். மனுஷனுக்குக் கொடுக்க வேற ஏதாவது பாருங்க," என்றார். அதன்பின் குமுளிக்கு அந்தப் பக்கமிருந்து கூவைக்கிழங்கு மாவு வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தோம். விலையும் குறைவு.

அந்தப் புதன்கிழமை அவர் பெருமாளின் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் துடைத்தார். மறுபடி இரண்டு பக்கமும் துடைத்தார்.

"இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா, வயித்துல குழாய் வச்சிர வேண்டியதுதான். வாய் வழியா ஒண்ணும் கூடாது," என்றார்.

பெருமாளின் மனைவி பேச்சியம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெருமாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துல ஓட்டையப் போட்டு ஓஸு மாட்டுறதா? நான் என்ன சொட்டுநீர்ப் பாசனமா?"

"உயிர் முக்கியமில்லையா?" என்றேன்.

"ஆவணியில பேத்தி மகனுக்குக் காதுகுத்து. பந்தியில மொத எலை எனக்கு. ஓஸு மாட்டுனவனுக்கு எலை போடுவாகளா? போட்டாலும் சுத்தி ஒக்காந்து வேடிக்க பாப்பாக. அதுக்கு என்னைய இப்பவே பந்தலுக்கு உரமாப் போட்டுருங்க."

"சொன்னபடி செய்வாக," என்றார் பேச்சியம்மாள். "போன தடவ மூக்குல போட்ட குழாய ரெண்டு தடவ பிடுங்கி எறிஞ்சாக. ஒரு தடவ எம்மேல."

ஆவணி கடைசிவரை அந்த மனிதருக்கு மூன்றாவது காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படி வருகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. நடைபாதையில் அம்மாளைப் பின்தொடர்ந்து போய், "எல்லாச் சோதனையிலும் சரியா முழுங்குறார்ம்மா," என்றேன்.

அவர் நின்றார். "நீங்க இவ்வளவு நாள் பார்த்தது அவர் முழுங்குறதை இல்ல. நீங்க ஊட்டுறதை. வீட்டுல போய்ப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குள் போய்விட்டார்.

காய்ச்சல் தணிந்து பெருமாள் வீடு திரும்பிய மறுவாரம் கம்பம் பஸ்ஸில் ஏறி அனுமந்தன்பட்டிக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அங்கும் எல்லாம் சரியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது?

எல்லாம் சரியாகவே இருந்தது. குழையப் பிசைந்த சோறு, கெட்டியாகக் கடைந்த பருப்பு, மசித்த கத்தரிக்காய். பேச்சியம்மாள் கரண்டியோடு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"நாடியத் தாழ்த்துங்க. ம். முழுங்குங்க. இன்னொருக்கா முழுங்குங்க. என்னத்த ஏறிட்டுப் பாக்குறீக, நான் என்ன புதுப்பொண்ணா? குனிங்க!"

முப்பத்தொரு கவளம், அறுபத்திரண்டு விழுங்கல். நான் எண்ணினேன். ஒன்றிலும் பிழையில்லை. என் வேலையைப் பேச்சியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தது. பெருமாள் எழுந்து கைகழுவினார். வாயைக் கொப்பளித்தார். மூலையில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தார். நிமிர்ந்து நின்று, தலையை முழுவதுமாகப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீரைக் கடகடவென்று ஊற்றிக்கொண்டார்.

தலை சாய்ந்தால் நுரையீரல் வழி அகலத் திறக்கும். வாய் திறந்திருந்தால் தண்ணீரைப் பிடித்து நிறுத்த நாக்கால் முடியாது. நிறுத்தாமல் ஊற்றினால் கதவு மூடவே நேரம் கிடைக்காது. இந்த நோய்க்கு ஆகாது என்று நான் படித்த அத்தனையையும் அவர் ஒரே செம்பில் செய்துகொண்டிருந்தார்.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு அவருக்குப் புரை ஏறியது.

பேச்சியம்மாள் ஓடிவந்து அவர் உச்சந்தலையில் தட்டினார். "என்னய்யா இது? தண்ணி குடிக்கிற மனுசன இப்படியா வெருட்டுறது?"

"அம்மா, தண்ணியில கூவமாவு கலந்து கொடுக்கச் சொன்னேனே?"

"கலந்து குடுத்தேனே. காலையில ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு. குடிச்சாக."

"அது கஞ்சி," என்றார் பெருமாள், இருமலுக்கு நடுவே. "கஞ்சி குடிச்சவன் தண்ணி குடிக்க வேணாமா?"

"நாடியத் தாழ்த்தித்தான் முழுங்கணும்னு சொன்னேனே?"

"சாப்புடும்போது தாழ்த்தச் சொன்னீக, தாழ்த்துனேன். சாப்பாடுதான் முடிஞ்சு கைகழுவியாச்சே. இது தண்ணி."

அவர் சொன்னதில் தவறே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீரைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. பாத்திரத்தில் வாய் வைப்பதும் இல்லை; அடுத்தவர் குடிக்க வேண்டிய செம்பு எச்சிலாகிவிடும். நான் படித்த புத்தகங்களோ எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கும் ஊர்களில் எழுதப்பட்டவை. ஆகாயத்தைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் மக்களுக்கு அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லை. மருத்துவமனையில் ஸ்பூனை நீட்டினோம், வாங்கிக்கொண்டார். மதுரையிலும் அதுவே நடந்தது. எப்படித் தண்ணீர் குடிப்பீர்கள் என்று எந்த ஊரிலும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

"இனிமே வாய வச்சு, குனிஞ்சு, கொஞ்சங்கொஞ்சமாக் குடிங்க," என்றேன்.

"கடிச்சுக் குடிக்கச் சொல்றீக. வீட்டுல அம்புட்டுப் பேரும் குடிக்கிற செம்பு இது. எச்சிப் பண்ணி வைக்கிறதுக்கு நான் என்ன பால்குடிப் புள்ளையா?"

"சரி, உங்களுக்குன்னு ஒரு தனி டம்ளர் வச்சுக்கலாம்."

பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். பெருமாள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தனி டம்ளரு. எங்கப்பா காலத்துல டீக்கடையில அத யாருக்கு வச்சாக, எதுக்கு வச்சாகன்னு எனக்குத் தெரியும். கண்ணால பாத்துக்கிட்டு, ஒரு வார்த்த கேக்காம என் டீய நான் குடிச்சுட்டு வந்தவன். இப்ப அது எங்க வீட்டுக்கே வருதாக்கும்."

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பையிலிருந்து என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, தலையைச் சாய்த்து, ஊற்றிக்கொண்டேன்.

முதலில் சிரித்தவர் பேச்சியம்மாள்தான். பெருமாளுக்குச் சிரிப்பில் மறுபடி இருமல் வந்துவிட்டது. "ஏ பேச்சி, வாத்தியாரு நாடி எங்கன பாக்குதுன்னு பாரு!"

"மோட்டு வளையப் பாக்குது."

"எனக்கு வாதம் வரலையே," என்றேன்.

"வந்துட்டா?" என்றார் பெருமாள்.

இதை அவர் கேட்டிருக்க வேண்டாம். என் அப்பாவுக்கு அறுபத்து நான்காம் வயதில் வாதம் வந்தது. எனக்கு அப்போது அறுபத்தொன்று. என்னை அறியாமல் நான்கு விரல்களை என் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "ஒங்களுக்கும் ஒண்ணு வாங்குங்க, எனக்கும் ஒண்ணு வாங்குங்க. நீங்க வாய வச்சுக் குடிச்சா நானும் குடிக்கிறேன். ரெண்டு பேருமாக் குடிச்சா அது தனி டம்ளரு ஆகாது."

மறுநாள் தேனியில் ஒரு பாத்திரக் கடையில் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, குனிந்து, குடிப்பதுபோல் செய்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே சங்கடம். டம்ளர் குறுகல், தண்ணீர் குறையக் குறைய விளிம்பு மூக்கில் இடிக்கும், தலை தானாக நிமிர்ந்துவிடும். ஒன்பதாவது டம்ளரை வாயில் வைத்திருந்தபோது கடைக்காரர் வந்தார்.

"சார், எதுல குடிச்சாலும் அது காத்துத்தான். கொஞ்சம் தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?"

"மூக்கு இடிக்காத பாத்திரம் வேணும்."

அவர் என் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு காப்பி டபராவை எடுத்து நீட்டினார். வாய் அகலம், உயரம் குறைவு. நாடி நெஞ்சைத் தொட்டபடி கடைசிச் சொட்டுவரை குடிக்கலாம். இரண்டு கேட்டேன். டபராவைத் தனியாகத் தரமாட்டாராம். டம்ளரோடு செட்டாகத்தான் தருவாராம். எது யாருடையது என்று மாறிவிடாமல் இருக்க இருவர் பெயரையும் வெட்டச் சொன்னேன். பெயர் வெட்ட எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெருமாள் என்பது நான்கு எழுத்து. தெய்வநாயகம் என்று எனக்குப் பெயர் வைத்த அப்பாமேல் அன்றுதான் முதல்முதலாக வருத்தம் வந்தது.

டபராக்களை முதலில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. பெருமாளையும் வரச் சொல்லியிருந்தேன். அம்மாள் பெருமாளின் டபராவை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, வழக்கப்படி தானே வாய் வைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"போச்சு. டாக்டரம்மா எச்சிப் பண்ணிட்டாக," என்றார் பெருமாள்.

"கழுவினாப் போயிரும்," என்றார் அம்மாள். கழுவினோம். பெருமாள் மூன்று முறை கழுவச் சொன்னார். அதன்பின் குனிந்து, வாய் வைத்து, ஒரு மடக்கு எடுத்து இரண்டு முறை விழுங்கினார். என் மோதிர விரலில் குரல்வளை நன்றாக ஏறி இடித்தது. குரல் கம்பத்தையும் தாண்டிக் குமுளிவரை போனது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "மாவு வேண்டாம். ஆனா இந்த டபராவைத் தவிர வேற எதுலயும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது," என்றார்.

அதன்பின் என் விடுமுறை நாளெல்லாம் அனுமந்தன்பட்டிக்குத்தான் போனது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். வாய் வைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. அவருக்கும் கூசியது என்று முகத்தில் தெரிந்தது. ஆடி போனது, காய்ச்சல் வரவில்லை.

ஆவணி மாதம் காதுகுத்து. கிடா வெட்டி, பந்தல் போட்டு, முந்நூறு பேருக்கு மேல் சாப்பாடு. முதல் பந்தியில் முதல் இலை பெருமாளுக்கு, எதிர்வரிசையில் எனக்கு. குழைந்த சோறும் மசித்த ஈரலும் குனிந்தே சாப்பிட்டார். எல்லா இலைக்கும் பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டில். பெருமாள் இலைக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் டபராவைக் கொண்டுவந்து வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

பக்கத்து இலையில் கம்பத்துக்கார மைத்துனர். "என்ன மாமா, டபராவுல தண்ணி? வாத்தியாரு வச்சு ஆனா, ஆவன்னாவும் சொல்லிக் குடுக்குறாகளாமே?"

வரிசை முழுவதும் சிரித்தது. பெருமாள் டபராவைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். கையை நீட்டிப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

எனக்குக் கத்தப் பயம், கத்தினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. பையிலிருந்த என் டபராவை எடுத்தேன். தண்ணீரை ஊற்றி, எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டு, குனிந்து, அந்தப் பந்தியின் முன்னால் வாய் வைத்துச் சத்தம் வரக் குடித்தேன்.

"ஆஸ்பத்திரி ஆபீசருமா?" என்றார் மைத்துனர்.

பெருமாள் பாட்டிலைக் கீழே வைத்தார். "ஏலே, டாக்டரம்மாவே இதுலதான் குடிச்சாக. நீ பாட்டுக்குத் தூக்கிக் குடி. ஒனக்கு அம்புட்டுத்தான் தெரியும்." குனிந்தார். வாய் வைத்தார். ஒரு விழுங்கல், இன்னொரு விழுங்கல். மூன்று மடக்கில் டபராவைக் காலி செய்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து உரக்கக் கத்தினார்: "தேனி! வீரபாண்டி! சின்னமனூரு! உத்தமபாளையம்! கம்பம்!"

குரலில் ஒரு சொட்டு ஈரமில்லை. கடைசி வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவர், வண்டி கிளம்புகிறது என்று நினைத்துச் சோற்றுக்கையோடு எழுந்துவிட்டார்.

பந்தி முடிந்ததும் பேச்சியம்மாளிடம் போனேன். ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன். "பாத்தீகளாம்மா, ஒரு இருமல்கூட இல்ல."

"எப்படி இருமும்?" என்றார். "ஒரம்பரை சொந்தம் அம்புட்டுப் பேரும் இங்கனயே ஒக்காந்து திங்குறாக. தூரத்துல இருந்து யாராச்சும் நெனைச்சாத்தானய்யா புரை ஏறும்?"

மூன்றாவது காய்ச்சல் வரவே இல்லை. பெரிய டாக்டர் தை மாதத்தில் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, குழாய் பற்றி எழுதியிருந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார்.

செலவைச் சொல்ல வேண்டும். டபரா செட் இரண்டு, இருநூற்று எண்பது ரூபாய். பெயர் வெட்டிய கூலி, எழுத்துக்கு ஐந்து வீதம் பதினோரு எழுத்துக்கு ஐம்பத்தைந்து. எட்டு முறை போய்வந்த பஸ் கட்டணம் நானூறு. அலுவலகம் முதல் பயணத்துக்கு மட்டும் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டபரா மருத்துவக் கருவி ஆகாது என்று மீதியை நிராகரித்தது. காதுகுத்துக்கு மொய் ஐநூற்றொன்று. ஆக ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. 2019இல் என் இளைய மகள் கல்யாணத்துக்குப் பெருமாள் பேச்சியம்மாளோடு தேனிக்கு வந்தார். பஸ்ஸில்தான் வந்தார். பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டு, பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டு, எழுந்துபோய் மொய் எழுதினார், ஆயிரத்தொரு ரூபாய். அதைக் கழித்தால், பெருமாளின் தொண்டைக்காக என் கையிலிருந்து கடைசியில் போனது நூற்று எண்பத்தைந்து ரூபாய்.